குசினி மூலைக்குப் பெயின்ற் வேண்டாம்

இஞ்சாருங்கோ,

நான் வேலைக்குப் போறன். சோறும் மீன்குழம்பும் அடுப்பில இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

போன கிழமை கிரின்ஸ்டெட்டில வாங்கின பழைய காரவனை, அந்தக் கார் இழுக்கிற வண்டிவீட்டை, நேற்று உள்ளுக்குக் கழுவினனான். கூரை ஒழுகுது, கதவு பூட்டுதில்லை. அதையெல்லாம் விட்டுப்போட்டு, குசினி மூலைக்கு முதல் பெயின்ற் அடிக்க உங்களுக்கு ஏன் இந்த அவசரம்? ஒரு டெனிஷ் கிழவனும் கிழவியும் கோடைக்கு மட்டும் பாவிச்சதெண்டு சொன்னீங்கள். அவை மஞ்சள் போட்டே உருளைக்கிழங்கு அவிக்கிறவை? அடுப்படியில மஞ்சள் கறை, எவ்வளவு உரஞ்சியும் போகேல்லை. மேல்தட்டில திருநீறு கொட்டுண்டு கிடக்கு. அதுக்குள்ள நிண்டு சமைச்சவள் ஆர்? ராத்திரிக் கேட்டதுக்கு, “விசர்க்கதை கதைக்காதை” எண்டு திரும்பிப் படுத்திட்டீங்கள்.

பெயின்ற் வாளியை ஒளிச்சு வைச்சிருக்கிறன். தேடாதேங்கோ.

தவமலர்

பி.கு: சப்பாத்துப் போடேக்கதான் யோசிச்சன். மஞ்சள் விரல் அடையாளம் முழுக்க, கரண்டி போட இழுத்துத் திறக்கிற லாச்சிக்கு இடப்பக்கம். கத்தி கொழுவுற ஆணியும் இடப்பக்கம். எனக்குத் தெரிஞ்சு இடக்கையால கறி காய்ச்சிற ஆள் நீங்கள் ஒராள்தான். இந்த டென்மார்க்காரர் என்ர விசாவை இழுத்தடிச்ச காலம், நான் யாழ்ப்பாணத்தில காத்துக்கிடக்க, “ஹீற்றர் போட்ட வீட்டில சுகமாய் இருக்கிறன்” எண்டெல்லோ எழுதினீங்கள்?

பின்னேரம் நான் வரேக்க மறைக்காமல் சொல்லுங்கோ. எத்தினை வின்ரர் அந்தப் பெட்டிக்குள்ள கிடந்தனீங்கள்?