இல்லாத நாற்பது மாடுகள்

ஏப்ரல் 7, செவ்வாய்

பள்ளி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்து ஐந்து நாள். இன்றுதான் முதல் வெற்றி.

பக்கத்துக் கடை அக்காவின் போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "திரு. பராசா அவர்களுக்கு, கிட்டாலே நகரின் அழகான பைக் டாக்சியாக உங்கள் வண்டி தேர்வாகியுள்ளது. மதியம் இரண்டு மணிக்குக் கழுவித் துடைத்து மைதானத்துக்குக் கொண்டுவரவும். பரிசு: ஓர் ஆடு."

மனிதர் சக்கரக் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை வேறு. மைதானத்தில் பந்து விளையாடும் பையன்களைத் தவிர ஈ காக்கை இல்லை. திரும்பி வந்து ஈரத்துணியோடு என்னை வீட்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு துரத்தினார்.

"ஏய் குரங்கே, ஆடு எங்கடி?"

"உங்க வண்டி பளபளப்பப் பாத்து வெக்கப்பட்டு ஓடிருச்சுப்பா!"

அம்மா தக்காளிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இது ஆறாவது தடவை. ஆறு தடவையும் நம்பினார். இப்படி ஓர் அப்பா வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

ஏப்ரல் 9, வியாழன்

அப்பாவை லாரி இடித்துவிட்டது. மக்காச்சோள லாரி. நிற்கவே இல்லையாம். தொடை எலும்பு. நான் பார்த்தேன், கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பி

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. தொடைக்குள் ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாராம். ஆனால் பைக் ஓட்ட ஏழெட்டு மாதம் ஆகும்.

வராந்தாவில் அம்மா எல்லோரிடமும் ஒரே பாட்டு: "காப்பீடு இருக்கு, அதான் தைரியமா இருக்கேன். வருஷக்கணக்கா மாசம் தவறாம கட்டினோம்ல." பழைய திட்டத்தை மூடிவிட்டார்கள் என்பதும் புதியது வந்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். டிசம்பரிலேயே பதிவு செய்தாயிற்று. அப்பா போனில் நான்தான் செய்தேன். "உனக்குத்தான் விரல் ஓடும்" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "வண்டி எப்படி இருக்கு?" உங்களைவிட நல்லா இருக்குப்பா என்றேன். சிரிக்கப் போய் வலியில் முகம் சுருங்கிற்று.

ஏப்ரல் 15, புதன்

டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். அம்மா துணிகளை மூட்டை கட்டினாள். நான் சீட்டு வாங்கக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். இங்கே பணம் கட்டி முத்திரை வாங்கினால்தான் வெளியேறும் சீட்டு. சீட்டு இல்லாமல் வாசல் காவலாளி ஒரு நோயாளியையும் வெளியே விடமாட்டார்.

டை கட்டிய பையன் ஒருவன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவக் கூட்டிட்டு வா" என்றான்.

"காப்பீடு செயல்ல இல்லம்மா."

"அதெப்படி? பேர் பதிஞ்சிருக்கோமே."

"பேர் இருக்கு. பணம் கட்டலியே. இது பழைய மாதிரி மாசாமாசம் இல்ல, ஒரு வருஷத்துக்கு மொத்தமா முன்னாடியே கட்டணும். எவ்வளவுன்னு உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும்."

"எதுவும் வரல."

"வந்திருக்கும்மா."

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ஷில்லிங். அம்மா அந்தத் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தாள், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

அப்பாவிடம் கேட்டோம். மெசேஜ் வந்ததா?

நெற்றியைத் தேய்த்தார். "ஜனவரில ஒண்ணு வந்துச்சு. வருஷத்துக்கு முப்பத்தெட்டாயிரம் கட்டணும்னு. நம்ம வீட்டுக்கு! முப்பத்தெட்டாயிரம்!" பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நீதான் அனுப்பினேன்னு நெனச்சேன்டி. பைக் ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிச்சிட்டு அழிச்சிட்டேன்."

நான் அனுப்பிய பொய்களையெல்லாம் நம்பியவர், வந்த ஒரே உண்மையை நம்பவில்லை.

மூட்டையை அம்மா அவிழ்த்தாள்.

ஏப்ரல் 16, வியாழன்

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும், நோட்டே.

டிசம்பர் 27. பதிவு படிவத்தில் கேள்வி மேல் கேள்வி. கூரை என்ன கூரை? எதில் சமைக்கிறீர்கள்? கழிப்பறை எங்கே? மாடு எத்தனை? யாராவது படிக்கவா போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் போரடித்தது. கூரை: ஓடு. சமையல்: கேஸ். கழிப்பறை: வீட்டுக்குள், இரண்டு. கறவை மாடு: நாற்பது. நாற்பது என்று தட்டிவிட்டு நானே தனியாகச் சிரித்தேன். எண்பது போடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

அந்தப் பதில்களை வைத்துத்தான் யார் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? ஏன் தெரியவில்லை? மேலேயே எழுதியிருந்ததே. நான் படித்தேனா?

இன்று அம்மாவோடு காப்பீட்டு அலுவலகம். கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"ஓட்டுக் கூரை. கேஸ் அடுப்பு. கறவை மாடு நாப்பது."

"நாப்பதா?" அம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பது மாடு இருந்தா உங்க முன்னால வந்து ஏன் நிக்கிறேன்? பால்ல குளிச்சுக்கிட்டுல்ல இருப்பேன்!"

வரிசையே சிரித்தது. மற்ற நாளாயிருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

"யாரோ பணக்காரப் பராசாவோட கணக்க எங்க தலையில கட்டிட்டீங்க. ஆண்டவர் மேல ஆணையா சொல்றேன், நாங்க இப்படிச் சொல்லவே இல்ல."

"சத்தியமெல்லாம் வேணாம்மா. எழுதிக் கொடுங்க. உங்க பகுதி அதிகாரிகிட்டயும் ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

வழியெல்லாம் அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்: "ஏழைன்னா இளக்காரம் பாத்தியா. நம்ம விடப்படாது நலியாகா."

ஏப்ரல் 17, வெள்ளி

கடிதத்தை நான்தான் எழுதினேன், என் கையெழுத்து அழகாம். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்: "இத்தகைய விவரங்களை நாங்கள் ஒருபோதும் அளிக்கவில்லை." ஒருபோதும் என்பதன் கீழ் இரண்டு கோடு போடச் சொன்னாள்.

போட்டேன்.

ஏப்ரல் 18, சனி

படுக்கைக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு. அப்பா சும்மா படுத்திருக்கப் படுத்திருக்க பில் எழுந்து வளர்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

வார்டில் இப்படி மொத்தம் ஐந்து பேர். குணமானவர்கள், ஆனால் போக முடியாதவர்கள். பக்கத்துக் கட்டில்காரர் மூன்று மாதமாக இருக்கிறார். நர்சுகளுக்கு உதவியாகக் கட்டில் விரிப்பு மாற்றுகிறார். புதிதாக வருபவர்களுக்கு டாய்லெட் எந்தப் பக்கம் என்று காட்டுகிறார்.

"கால்ல ஒரு கம்பி இருக்கு, மிச்சத்த ஜன்னல்ல எண்ணிக்கோ தம்பி" என்றார் அப்பாவிடம். என்னிடம்கூட அவ்வளவு நல்ல ஜோக் இல்லை. யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட.

ஏப்ரல் 20, திங்கள்

மாடு எண்ண ஆள் வந்துவிட்டார்! நிஜமாகவே. கையில் காப்பீட்டு அலுவலக ஃபைல், காலில் பளபள ஷூ. எங்கள் சேற்றுச் சந்துக்குள் ஒவ்வொரு கல்லாகத் தாண்டி வந்தார்.

"கொட்டகை எங்க?"

அம்மா வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போனாள். பின்னால் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று நின்றது. "அதுவும் எங்களுது இல்ல சார்" என்றாள். அவர் குனிந்து கதவுக்குப் பின்னாலும் பார்த்தார், நாற்பது மாடு அங்கே ஒளிந்திருக்கும் என்பதுபோல. கூரை: தகரம். அடுப்பு: விறகு. எழுதிக்கொண்டார். அம்மாவின் முகத்தில் பத்து நாளில் முதல்முறையாக வெளிச்சம்.

அப்புறம் சொன்னார்: "ஒண்ணுதாம்மா இடிக்குது. இந்தப் பதிவு டிசம்பர் 27, உங்க வீட்டுக்காரர் போன்லேர்ந்து வந்திருக்கு. அவர ஒரு வார்த்தை கேக்கணும்."

நானும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவர் படிவத்தை வாசித்துக் காட்டினார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது என்றதும் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரமில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்.

"நான்தான் சார். கிறிஸ்மஸ் குடி. தலகால் புரியல."

எங்கள் சபையில் பீரின் வாசனைகூடப் பாவம். அப்பா ஆயுசில் டீயைத் தாண்டிக் குடித்ததில்லை. அதிகாரிக்கு அது தெரியாது, எழுதிக்கொண்டார். அம்மாவுக்குத் தெரியாத ஆளா? ஆனால் அம்மா நம்பிவிட்டாள். குடிச்சியா, எனக்குத் தெரியாம, எந்த ஸ்டாண்டுல, யார்கூட — அவ்வளவுதான் கேட்டாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அம்மா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. உகாலிக் களியும் கீரையும் நான் கொண்டுபோனேன்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"தப்பா எழுதிக்கொடுத்தா கேஸு, அபராதம்னு அந்தாளு உள்ள வரும்போதே நர்ஸ்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. எனக்குப் போடட்டும். நான்தான் ஏற்கெனவே உள்ள இருக்கேன்ல?"

"அம்மா உங்க மேல..."

"ஆறிருவா." கீரையைக் கிளறிக்கொண்டே இருந்தார். "நீ எதுவும் வாயத் தொறக்காத. தொறந்தா கம்பியோட எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

நான் திட்டு வாங்கத்தானே வந்தேன். திட்டுங்களேன்ப்பா. ஒரு தடவை. ஏன் திட்ட மாட்டேங்கிறீங்க.

ஏப்ரல் 22, புதன்

சொல்லிவிட்டேன்.

அம்மா சந்தையில் தக்காளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன், எண்பது யோசித்தது வரைக்கும். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. திறந்து பார்த்தால் அதே தக்காளியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தோல் உரியும்போல இருந்தது.

"அந்தக் கவுண்டர்ல ஆண்டவர் மேல ஆணை வெச்சேன்டி" என்றாள். சாயங்காலம் தூக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் போட்டாள்.

"இப்ப உண்மைய எழுது."

ஏப்ரல் 23, வியாழன்

என் பேர், வயது பதினாறு, நான்தான் எழுதினேன், விளையாட்டுக்கு எழுதினேன், அப்பா குடிப்பதில்லை. கவுண்டர் அம்மாள் படித்தார். உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "இங்க வாயேன், இதப் படியேன்" என்று பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மேஜை குலுங்கச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் எந்த ஜோக்குக்கும் இவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கெட்டவர்கள் இல்லை. அபராதம் போடவில்லை. திருத்திக் கொடுத்தார்கள்: வருஷத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு. அந்தப் பணத்தை ஜனவரியிலேயே கட்டியிருப்போம், எப்படியாவது.

"அப்ப ஆஸ்பத்திரி பில்லு?" என்றாள் அம்மா.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டின நாள்லேர்ந்துதாம்மா செல்லும். ஆபரேஷன் பத்தாம் தேதி."

"தப்பு திருத்தியாச்சுல்ல?"

"திருத்தியாச்சு. தேதியத் திருத்த முடியாதே."

யாரிடம் கேட்பது? மேலதிகாரி என்றார்கள். மேலதிகாரியும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

ஏப்ரல் 25, சனி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

பில் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று எட்டாயிரத்து நானூறில் நின்றது. இப்போது முப்பதாயிரம், மீதி மாதம் ஆறாயிரம். வண்டியின் ஆர்.சி. புத்தகம் ஈடாக ஆஸ்பத்திரி பீரோவில். முப்பதாயிரத்தில் பாதி அம்மாவின் மகளிர் சீட்டுப் பணம். மறுபாதி என் இரண்டாம் பருவப் பள்ளிக் கட்டணம். அதை எடுக்கச் சொன்னது நான்தான். வேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள். ரொம்ப நேரம் சொல்லவில்லை.

வாசலில் காவலாளி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

பக்கத்துக் கட்டில்காரர் ஜன்னலில் நின்று கையாட்டினார்.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று பள்ளி திறக்கிறது.

காலையிலிருந்து சந்தையில் அப்பாவும் இருக்கிறார். காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை, "வாங்க அக்கா, ஏறுங்க, போலாம்!" என்று பழக்கத்தில் கூப்பிடுகிறார். பிறகுதான் தக்காளி ஞாபகம் வருகிறது. அம்மாவே ஒரு தடவை சிரித்துவிட்டாள்.

பத்து மணிக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது, கூரை முழுக்கத் தகரப் பெட்டிகள். என் தோழி நெலிமா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"அடியேய், வண்டி கிளம்புது! பெட்டி எங்கடி?"

"நான் வரல."

"ஆமா, நீ வரல, நான் ஜனாதிபதி! ஏறு!"

"நெஜமாத்தான்டி. இந்தப் பருவம் வரல."

வேன் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. போன பருவம் டீச்சர் நாற்காலியில் நான் என்ன வைத்தேன் என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். டிரைவர்கூடச் சிரித்துக்கொண்டு ஹாரன் அடித்தார். நெலிமா குதித்து இறங்கினாள். "பெட்டிய எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு நான் கண்டுபிடிக்கிறேன் பாரு!" நேராக எங்கள் கடைக்குக் கீழே குனிந்து தார்ப்பாயைத் தூக்கினாள்.

காலித் தக்காளிக் கூடைகள். அப்பாவின் இரண்டு ஊன்றுகோல்கள்.

பிறகு தார்ப்பாயை இருந்தமாதிரியே இழுத்துவிட்டாள், ஓரம் மடங்காமல் கையால் நீவியும் விட்டாள். என்னைப் பார்க்காமல் போய் ஏறிக்கொண்டாள். உள்ளே மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓர் அக்கா ஒரு குவியல் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நின்றார். இருபது என்றேன்.