அடுத்த வருடத்துக்குத் தள்ளியது

மச்சான்,

இன்று பின்னேரம் அடுப்படியிலிருந்து கச்சான் கடலை வறுபடும் மணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. தொலைக்காட்சியைப் போட்டேன், உன்னுடைய அணி விளையாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டேன். நீ பக்கத்தில் இல்லாமல் பார்க்க அலுப்பாக இருக்கிறது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு, ஹொல்ம்லியாவில் உன் வாடகை வீட்டில், பஸ் ஓட்டிக் களைத்த கால்களைக் கதிரையில் தூக்கிப் போட்டபடி அந்த அமெரிக்கக் கால்பந்தை எனக்குப் பழக்கியவன் நீ. "காலாலை அடிக்கிறதே குறைவு, இதுக்கேன் கால்பந்து எண்டு பேர்?" என்று கேட்டுச் சிரிப்பேன். உனக்கோ ஆட்டத்தைவிட அதன் சம்பளக் கணக்கில்தான் ருசி. ஓர் அணி தன் வீரர்களுக்காக வருடமொன்றில் செலவழிப்பதற்குத் தாண்டக்கூடாத உச்சவரம்பு உண்டு. உனக்குப் பிடித்த, வயதேறிய தடுப்பாட்டக்காரனின் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வசந்தத்திலும் திருத்தி எழுதினார்கள்.

"பாவம், சம்பளத்தை வெட்டிப்போட்டாங்களோ?" என்றேன்.

"இல்லையடா. அவனுக்கு ஒரு சதமும் குறையேல்லை. சம்பளத்தை முற்பணம் எண்டு பேர் மாத்தி இப்பவே கையிலை குடுக்கிறாங்கள். வரம்புக் கணக்கிலை மட்டும் அதை வாற வருசங்களுக்கும் பிரிச்சுப் போடுறாங்கள். இந்த வருசம் இடம் கிடைக்கும், வேறை ஆள் எடுக்கலாம்."

"பிறகு?"

"இடையிலை அவனை விலத்தினா, மிச்சம் முழுக்க அணியின்ரை கணக்கிலை ஒரேயடியா வந்து விழும். விளையாடாதவனுக்கு இடம் ஒதுக்கவேணும்."

அப்படியே நடந்தது. முழங்கால் போனதும் அவனை விலக்கினார்கள். அந்தப் பாரத்தில் அணியால் நல்ல ஆள் எவரையும் எடுக்க முடியவில்லை, தோற்றுக்கொண்டே இருந்தது.

அந்த மாரியில்தான் உன் மனைவி வசந்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, இவருக்கு இருதயத்திலை அடைப்பாம். ஒப்பரேசனுக்குத் திகதியும் தந்திட்டினம். போகமாட்டாராம். நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ."

லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கவென்று நீ ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலம். நான் வந்து கேட்டதற்கு, "வீட்டை வாங்கிப்போட்டு அடுத்த வருசம் பாப்பம்" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்ரை அணிக்காரர் செய்ததைத்தானே நீயும் செய்யிறாய்! உனக்கு விழேக்கை ஆரடா தாங்கிறது?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வசந்தியைக் கூப்பிட்டாய்.

"அந்தத் திகதியை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியோ?"

"இன்னும் சொல்லேல்லை."

"அப்ப போவம்."

போனாய். வீடு வாங்கவில்லை. ஆனால் சில வருடங்கள் கிடைத்தன. மகளின் கலியாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் கைபிடித்து அழைத்தாய். போன வருடம் நித்திரையிலேயே போய்விட்டாய்.

சென்ற கிழமை என் மேலதிகாரி, மீதமுள்ள விடுமுறையை அடுத்த வருடம் எடுக்க முடியுமா என்று கேட்டாள். முன்பென்றால் தலையாட்டியிருப்பேன். முடியாது என்றேன். ஏனென்று கேட்டாள்.

களைத்துவிட்டேன் என்றேன். இந்த நாட்டில் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து, அந்தச் சொல்லை நான் வேலையிடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை.