முளைத்துவிட்ட நாற்காலிகள்

என் செல்லத் தம்பி அமலுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். காலையிலேயே ஊர் முழுக்க மெழுகுவத்தியும் செவ்வந்திப் பூவுமாகக் கிளம்பிவிடும். உன் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசலாம் என்றால், அக்கம்பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபம் சொல்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன். எழுதினால் மட்டும் நாலு பேர் படிக்க மாட்டார்களா என்று கேட்பாய். படிக்கட்டும் போ. எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நம்ம நாற்காலிகள் முளைத்துவிட்டன.

நீ பேசி வைத்துவிட்டுப் போனாயே அந்தக் கடற்கரை ஹோட்டல், அவர்களுக்கு மாதிரிக்கு நாலு நாற்காலி செய்து அனுப்பினோம். வாசல் தாழ்வாரத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் சாரல் அடித்திருக்கிறது. அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, “மேடம், உங்க சேர்ல புல்லு மொளைச்சிருக்கு” என்றாள். போட்டோவும் அனுப்பினாள். புல்லாவது! பச்சைப்பசேலென்று நெல் நாற்று. முதுகு சாய்கிற இடத்தில், கை வைக்கிற இடத்தில், எங்கே பார்த்தாலும் நாற்று. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பறித்து நட்டிருக்கலாம்.

உன் அண்ணனிடம் போனை நீட்டினேன். உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஊர் வயலுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற மனுஷன் அல்லவா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். “ஏம்மா செலின், குறுவை வைக்கோல்லயா செஞ்சீங்க?” என்றார்.

ஆமாம், குறுவை வைக்கோல்தான். நீ சேர்த்து வைத்திருந்த சம்பா வைக்கோல் தீர்ந்துபோனது. குறுவை அறுப்பு முடிந்து, மெஷின் சுருட்டிப் போட்ட கட்டுகள் ரோட்டோரமெல்லாம் கிடந்தன. கொண்டுவந்து முறுக்கிவிட்டோம். மெஷின் வைக்கோலில் நெல் தங்கும். சம்பா நெல்லாக இருந்தால் கொஞ்ச நாள் பொறுக்கும். குறுவைக்கு ஏது பொறுமை? ஈரம் பட்டால் கதிரிலேயே முளைத்துவிடும். வலங்கைமான் பக்கத்தில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. களத்தில் நெல்லாகக் கிடந்திருந்தால் ஓடிப்போய்ப் படுதாவைப் போட்டு மூடியிருப்போம். நாற்காலி ஆகிவிட்டதே, இனி அது நெல் இல்லை என்று நினைத்துவிட்டோம்.

உன் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். நீ போனதிலிருந்து அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்கவே இல்லை தம்பி. யூரியா வாங்க வந்த இரண்டு பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மனுஷன் அழுதுகொண்டிருக்கிறார். நான் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் குழம்பு இருந்தது.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ ஏழாம் வகுப்பு. அப்புறம் வடக்கே போய், வீட்டுச் சாமான் வடிவமைக்கிற படிப்பு படித்தாய். திரும்பி வந்த அன்றைக்கே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், “அண்ணி, நான் வைக்கோல்ல நாற்காலி செய்யப் போறேன்” என்று அறிவித்தாயே, நினைவிருக்கிறதா? உன் அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். “இதுக்கா ரெண்டு நாளு ரயிலேறிப் போயி படிச்ச?” என்று நான்தான் கேட்டேன். நீ பாட்டுக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய்.

உர மூட்டை அடுக்குகிற பின்கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்தோம். சீமைக்கருவேல மரத்தில் சட்டம், அதைச் சுற்றி முறுக்கிய வைக்கோல் பிரி, ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. ஆணி கிடையாது, வார்னிஷ் கிடையாது. நைலான் கயிற்றைக் கண்டாலே உனக்கு மூஞ்சி சுருங்கும். நான் சாதம் வடித்த கஞ்சியில்கூடப் பங்கு கேட்டு, பிரிக்கு விறைப்பு ஏற்றினாய். முதல் நாற்காலியை வாசலில் காயப் போட்டோம். எதிர்வீட்டு மாடு வந்து ஒரு கையைத் தின்றுவிட்டுப் போனது. “உக்காரச் செஞ்சீங்களா, மாட்டுக்கு விருந்து வச்சீங்களா?” என்று தெருவே கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நீயோ மாட்டுக்காரரிடம் போய், “சாணி எப்படிப் போடுதுன்னு ரெண்டு நாள் பாத்துச் சொல்லுங்க மாமா” என்று கேட்டுவிட்டு வந்தாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எதைச் செய்தாலும் அதில் ஒரு துண்டை வெட்டிக் கொல்லை எருக்குழியில் புதைப்பாய். ஒரு மழைக்காலம் போனதும் தோண்டுவாய். கையில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஓடி வருவாய். “செஞ்சவனுக்கு முன்னாடி அவன் செஞ்ச சேர் மண்ணாயிடணும் அண்ணி. அதான் பூமிக்குச் செய்யிற மரியாதை” என்பாய்.

நல்ல மரியாதை செய்தாய் போ! முப்பத்து மூன்று வயசில் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது. நீ செய்த சேர்களோ கொட்டகையில் ஒன்றுகூட அசையாமல் நிற்கின்றன. இந்த அநியாயத்தை நான் எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பாலிதீன் சுற்றித்தான் தந்தார்கள். பெட்டிக்குள் பளபளவென்று நைலான் துணி. வந்து விழுந்த மாலைகளில் பாதி பிளாஸ்டிக். துக்கம் கேட்க வந்தவர்கள் உட்காரச் சாமியானாக் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கியது. பின்கொட்டகையில் உன் சேர்கள் இருப்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. எழுந்துபோய்ச் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முளைத்த சேரைப் பார்த்ததோடு ஹோட்டல்காரர்கள் கும்பிடு போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போடவில்லை. அவர்களுக்கு நாற்காலியும் பிடித்திருக்கிறதாம், அதைவிட உன் கதை பிடித்திருக்கிறதாம். நாற்பது நாற்காலி வேண்டும் என்றார்கள். இரண்டு நிபந்தனை. ஒன்று, முளைக்காமல், பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு பூச்சு அடிக்க வேண்டும். டப்பாவை அவர்களே அனுப்பினார்கள். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு பிசின். இரண்டாவது, ஒவ்வொரு சேரிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். அதில் உன் படம், உன் பெயர், கீழே ‘மண்ணில் பிறந்தது, மண்ணுக்கே திரும்பும்’ என்று ஒரு வரி.

நீ செய்கிற மாதிரியே நானும் செய்து பார்த்தேன். பூச்சு அடித்த பிரி ஒரு துண்டு, அடிக்காதது ஒரு துண்டு. இரண்டையும் புரட்டாசியில் எருக்குழியில் புதைத்தேன். போன வாரம் தோண்டினேன். அடிக்காதது கறுத்துப்போய், விரலால் தொட்டதும் குழைந்தது. அடித்ததைக் குழாயடியில் கழுவினேன். அப்போதுதான் கடையில் வாங்கின மாதிரி மின்னியது. மண்புழுகூட அண்டவில்லை. அதன்மேல் உன் பெயரை எழுதித் தொங்கவிடச் சொல்கிறார்கள்.

நீ போன பிறகு கொட்டகையில் நாங்கள் மூன்று பேர்தான். நான், கலா, ரஹ்மத் அக்கா. கலாவின் புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நடவும் களையும் இல்லாத மாதங்களில் அவள் இந்த வேலையைத்தான் நம்பி இருக்கிறாள். ரஹ்மத் அக்கா முத்துப்பேட்டையிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். பிரி முறுக்குவதில் அவர் கைக்கு ஈடில்லை என்று நீயே சொல்வாய். தோண்டி எடுத்த துண்டுகளை இரண்டு பேர் முன்னாலும் வைத்தேன்.

கலா இரண்டு துண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், “அமல் அண்ணன் இருந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டாங்கக்கா. ஆனா அண்ணன் இல்லையே” என்றாள்.

“செத்தவங்க பேர்ல பொய் சொல்றது பாவம் செலின்” என்றார் ரஹ்மத் அக்கா. ஒரு மூச்சு விட்டுவிட்டு, “இருக்கிறவங்க வயித்துக்கு என்ன பதில் சொல்லுவ?” என்று அவரே கேட்டார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று எடுப்பது?

எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பார்த்தேன். அந்த ஹோட்டல் பெண்ணுக்குப் போன் போட்டேன். “பூச்சு அடிச்சுத் தர்றோம்மா. படம் வேணாம், பேர் வேணாம், அந்த அட்டை வேணாம். வெறும் நாற்காலின்னு சொல்லி வாங்கிக்கங்க” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். நல்ல பெண், மழுப்பவில்லை. “மேடம், சேர் எங்க வேணாலும் கிடைக்கும். உங்க கொழுந்தனாரோட கதைதான் எங்களுக்கு வேணும். அது இல்லன்னா கஷ்டம் மேடம்” என்றாள். யோசித்துச் சொல்ல இன்றைக்கு வரை அவகாசம் கொடுத்தாள்.

நான் என்ன யோசிப்பேன் சொல்லு? ராத்திரியும் பகலும் உன்னைத்தான் கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன், பூசையில் முழங்கால் போட்டுக் கேட்டேன். நீ இருந்த காலத்தில் உன் வாயை மூடவே முடியாது. இப்போது ஒரு ‘சரி’ சொல்லக் கூடாதா? ஒரு ‘வேணாம்’ சொல்லக் கூடாதா? இப்படி ஒரு இக்கட்டில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாயே என்று உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

இன்று காலையில் அந்த அட்டையைப் போனில் அனுப்பினாள், சும்மா பார்ப்பதற்கு. உன் படம்தான். முகத்தை வெளுக்க வைத்திருந்தார்கள். எப்போதும் உன் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வைக்கோல் துரும்பைத் துடைத்துவிட்டிருந்தார்கள். நீ சிரிக்கிறாய், உன் மோவாய்க்குக் கீழே அந்தப் பொய். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. உடனே கூப்பிட்டு, “வேண்டாம்மா, எங்களை விட்டுருங்க” என்று சொல்லிவிட்டேன்.

கலாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தாள். “ஜவுளிக்கடையில ஆள் கேட்டாங்கக்கா. நாளைலேருந்து வரலை” என்றாள். சேலையில் ஒட்டின வைக்கோலைத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நாள் முழுக்க நின்றுகொண்டே, பாலியெஸ்டர் சேலையாக விரித்துக் காட்டி மடித்து வைக்கப் போகிறாள். உன் பெயரைக் காப்பாற்றினேனா, அவள் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டேனா? இரண்டையும் ஒரே வார்த்தையில் செய்துவிட்டேன் தம்பி. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க முடியவில்லை.

கொட்டகை நடக்கும் என்று உனக்கு வாக்குத் தர எனக்குத் துணிச்சல் இல்லை. சம்பா அறுப்பு முடிந்ததும் ரஹ்மத் அக்காவும் நானும் மறுபடி உட்காருவோம். கலா வீட்டுப் படியேறிக் கூப்பிடுவேன், வந்தாலும் வரட்டும், வராவிட்டாலும் அவள் மேல் தப்பில்லை. யார் வாங்குவார்கள் என்று தெரியாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். என் உடம்பில் மூச்சு இருக்கிற வரைக்கும், நீ சொல்லாத வார்த்தையை உன் வாயில் வைக்க ஒருத்தரையும் விடமாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. இதைக் கேட்டால் நீ குதிப்பாய்.

உன் கல்லறை மேட்டுக்குக் கிரானைட் கல் வைத்து, பெயர் வெட்ட வேண்டும் என்று உன் அண்ணன் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “அமலுக்குப் பிடிக்காதுங்க, மண்ணாவே இருக்கட்டும்” என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். இன்றைக்கு மத்தியானம் நாளைய வேலைக்காகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு வருஷ மழையில் உன் மேடு தரையோடு தரையாக அமுங்கிக் கிடக்கிறது. மரச் சிலுவையில் எழுதின பெயர் கரைந்துபோய் ஓரெழுத்துதான் மிச்சம். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “இது யாருதும்மா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணனிடம், “கல்லுக்குச் சொல்லிடுங்க” என்றேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. சேர் மண்ணாகட்டும் தம்பி. நீ மண்ணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உன்னிடம் கேட்காமலே கல் வைக்கிற,
உன் அண்ணி
செலின்