றீற்றா அக்கா வீட்டுச் சூடு

12 மார்ச் 2025
இன்று எசன் நகர மண்டபத்தில் நகரசபைக் கூட்டம். வீட்டைச் சூடாக்கும் காஸ் ஹைசுங்கைக் கழற்றிவிட்டு வெப்பப் பம்பிக்கு மாறும் தமிழ்க் குடும்பங்களுக்கு வழிகாட்ட ஒரு ஆளை நியமிப்பதாக இருந்தது. நானாகத்தான் இருக்கும் என்று நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனேன். இங்குள்ள தமிழரின் அன்ட்றாக் விண்ணப்பப் படிவங்களில் பாதி என் கையெழுத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக நிரப்பிக் கொடுக்கிறேன்!

நியமித்தது மதுமதியை. கோயம்புத்தூர்க்காரி, எஞ்சினியர். ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம்.

13 மார்ச்
பொறாமை இல்லை. சும்மா எரிச்சல்.

2 ஏப்ரல்
பம்பி பூட்டப்போகிற றீற்றா அக்கா வீட்டைப் பார்க்க மதுமதி வந்தாள். அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தா. எதற்கு? தேத்தண்ணி ஊற்றவா?

"ஆன்ட்டி, வின்டர்ல ஹால்ல எவ்ளோ டெம்பரேச்சர் வைப்பீங்க?"

"இருபதுக்கு மேல வைக்கிறேல்லைப் பிள்ளை."

பச்சைப் பொய். வெளி ஆட்கள் கேட்டால் எங்கள் சனம் இருபது என்றுதான் சொல்லும். வீணாக்கிற ஆட்கள் என்று நினைத்துவிடக் கூடாதாம். அக்காவின் மனுசன் மகேந்திரராஜா அண்ணைக்கு முழங்கால் வாதம். டிசம்பரிலும் அந்த வீட்டில் இருபத்துநாலுதான். எனக்குத் தெரியும், வியர்த்து வழிந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

மதுமதி 'இருபது' என்று எழுதினாள். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் சின்னப் பம்பிதான் வரும். மாரிக் குளிரில் அண்ணை விறைத்துப்போவார்.

நான் வாயைத் திறக்கவில்லை. படித்தவள்தானே, கண்டுபிடிக்கட்டும்.

9 ஏப்ரல்
வருகிற வெள்ளிக்கிழமை பம்பிக்கு ஓர்டர் போகிறது. சொல்லவா? சொன்னால் அவளுக்குத்தானே நல்ல பெயர்.

11 ஏப்ரல்
சொல்லத்தான் காலையில் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவ முந்திக்கொண்டா.

"என்ன கெட்டிக்காரப் பிள்ளையடி சுபானி, அந்த மதுமதி! எப்பவும் சிரிச்ச முகம். இவ்வளவு நாளும் உன்னைத்தான் போட்டுக் கரைச்சல்படுத்திப்போட்டன்."

"ஓமக்கா," என்று போனை வைத்துவிட்டேன்.

கரைச்சலாம். அண்ணையின்ர ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில ரேர்மின் எடுத்து, நாள் குறிச்சுக் குடுத்தது ஆர்? பென்சன் கடிதமெல்லாம் வாசிச்சது ஆர்? ஓம், பொறாமைதான். எழுதியாச்சு. போதுமோ?

28 ஜூன்
பம்பி பூட்டியாயிற்றாம். மதுமதிக்கு இறால் குழம்போடு சாப்பாடு. எனக்கு வட்ஸ்அப்பில் படம்.

22 நவம்பர்
இன்று மைனஸ் ஆறு. எங்கள் மின்சார ஹீற்றரைக் காரில் ஏற்றிக்கொண்டு றீற்றா அக்கா வீட்டுக்குப் போனேன். உதவி செய்யவா, வேடிக்கை பார்க்கவா என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது.

கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. அண்ணை பெனியனோடு இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு மதுமதியிட்ட இருபதெண்டு சொன்னனெல்லே," என்று அக்கா சிரித்தா. "அடுத்த நாளே மதுமதி போன் எடுத்தவ. 'உண்மையச் சொல்லுங்க ஆன்ட்டி, எங்கம்மாவும் வெளி ஆளுங்ககிட்ட இப்படித்தான் கொறச்சுச் சொல்வாங்க' எண்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. பிறகு இருபத்துநாலெண்டு மாத்தி எழுதினவ."

எங்கள் சனத்தை எனக்குத்தான் தெரியும் என்று இருந்தேனே.

அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு கேட்டா: "அண்டைக்கு நீயும் பக்கத்தில இருந்தனீதானே. எங்கட வீட்டுச் சூடு உனக்குத் தெரியும். ஏனடி சொல்லேல்ல?"

"யோசிக்கேல்லை அக்கா."

அவ உடனே நம்பிவிட்டா. "உனக்கு எத்தினை வேலையள், பாவம்," என்று என் தலையைத் தடவினா.