சத்துக் குறைவு

அன்புள்ள மாமாவுக்கு,

குஜராத்தில் வெயில் எப்படி? டைல்ஸ் கம்பெனியில் சாப்பாடு பரவாயில்லையா? போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குப் பார்வை மங்குவது எதனால் என்று எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. புதுச்சேரி கண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைக் கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சை வந்திருக்கிறதாம். ஆனால் அது வேறொரு மரபணுவுக்கு. பாப்பாவுக்குப் பழுதாகியிருப்பதற்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்திருக்குதும்மா. நீங்க சொந்தத்துல கட்டுனவங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, அசல்" என்றேன். என் அப்பாவும் உங்களைப் பெற்ற அத்தையும் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நான் வேலை பார்க்கும் செராமிக் பட்டறைக்கு என்னோடு வந்தால் பாப்பா சூளை வாயைப் பார்த்தபடியே நிற்கிறாள். அந்த வெளிச்சம் மட்டும் தெரிகிறது போலிருக்கிறது.

ஆவணியில் உங்கள் தம்பிக்கும் என் தங்கைக்கும் நிச்சயம் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். இந்தச் சம்பந்தமும் சொந்தத்தில் வேண்டாம் என்று நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால், தங்கை வாழ்வது பொறுக்கவில்லை என்பார்கள்.

இங்கே எல்லோரிடமும் சத்துக் குறைவு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து தங்கை தினமும் முருங்கைக்கீரை பொரித்துக் கொண்டுவந்து பாப்பாவுக்கு ஊட்டுகிறாள். நேற்று அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்குப் பொறக்கப் போறதுக்கும் சேத்து இப்பவே சாப்புடுறேங்க்கா" என்றாள்.

நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா