எர்த் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

நண்பரே,

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. என் மகள் வீட்டு வாசலில் திறந்த குழியும் அதன் வாசனையும்.
2. 1991-இல் நம் தொழிற்சாலைக் கணினிகள் தினமும் நின்றதும், நான் காரணம் தேடிய இடங்களும்.
3. பார்க்காத ஒன்றை நான் அறிக்கையில் எழுதியது.
4. ஏழு நாள் நான் ஊற்றிய தண்ணீர் கணினிகளைச் சரிசெய்து, உங்கள் வேலையை மீட்டது.
5. இன்றும் நான் விடாமல் கடைப்பிடிப்பவை.

மறைமலை நகரில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். இன்று காலை இன்வெர்ட்டரைப் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் கேட்டுக்கு அருகே இருந்த எர்த் குழியின் சிமெண்டு மூடியைத் தூக்கினார். ஈரக் கரியும் கல்லுப்பும் கலந்த வாசனை மேலே வந்தது. "பெருசு, இதுக்குத் தண்ணி ஊத்துறது யாரு?" என்றார். நான்தான், வாரம் இரண்டு முறை என்றேன். "அதான் மீட்டர் நல்லா காட்டுது. இந்தத் தெருவுல வேற எவனும் ஊத்தறதில்ல" என்றார். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. சேரப்பணஞ்சேரிக்கு வந்து மாலை போட்டபோதுகூட நான் அழவில்லை. அந்த மூடியை அவர் திரும்ப வைத்தபோதுதான் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி, இருபுறமும் வயலாக இருந்த காலத்தில் தனியாக நின்றது நம் தொழிற்சாலை. லாரிகளுக்கு இரும்பு பிராக்கெட் செய்தோம். நீங்கள் பராமரிப்புப் பிரிவின் எலெக்ட்ரீஷியன். நான் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளன். பிரிவு என்றால் ஏழு கணினிகள், மூன்று பிரிண்டர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஒரு குளிர்சாதன அறை, அவ்வளவுதான். அலுவலகத்திலிருந்து ஸ்டோர்ஸ் வரை ஒரே கறுப்புக் கேபிள் ஏழு கணினிகளையும் கோத்துக்கொண்டு போகும். அதன் இரண்டு முனைகளிலும் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மூடி. டெர்மினேட்டர் என்போம். அந்த மூடி தளர்ந்தால் ஏழும் ஊமையாகிவிடும்.

கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட, கணினிகளுக்கென்று தனியாகப் போட்ட எர்த் குழி ஸ்டோர்ஸ் சுவர் ஓரமாக இருந்தது. தினமும் காலையில் அதற்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவீர்கள். பிரஸ் ஷாப் ஆட்கள் உங்களைச் சீண்டுவார்கள். "இன்னா நைனா, இத்தினி மாசமா ஊத்திக்கினு கீற, ஒரு எலகூட வுடலயே?" என்பார்கள். "வேரு இங்க கீதுபா. பூவு ஏசி ரூம்ல பூக்கும்" என்பீர்கள். நானும் அவர்களோடு சிரித்திருக்கிறேன். பொறியியல் படித்தவன் நான். எர்த் என்றால் என்னவென்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன். ஈரம் இல்லாத மண் மின்சாரத்தை உள்ளே விடாது என்பதும் அந்த இரண்டு பக்கத்தில் இருந்திருக்கும். அதற்காக ஒருவர் குடம் தூக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அந்த ஆண்டு மாசியில் உங்களைப் பெயின்ட் ஷாப்புக்கு மாற்றினார்கள். டீ நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து ஏழாகக் குறைத்ததை எதிர்த்துச் சங்கத்தில் நீங்கள் பேசியதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் பழைய வேலைகளைப் பட்டியல் போட்டு வேறொருவரிடம் கொடுத்தார்கள். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. அது எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை.

பங்குனியில் தொல்லை தொடங்கியது. கணினிகள் திடீரென்று நிற்கும். திரையில் எழுத்துகள் உறைந்துவிடும். டெஸ்பாட்ச் பில் பாதி அச்சாகி நின்றால் லாரி கேட்டிலேயே கிடக்கும். ஒர்க்ஸ் மேனேஜர் ஒரு நாளைக்கு நான்கு முறை என் அறைக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமலே வந்தார். அதைச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

நான் என் முறைப்படி தேடினேன். பிளாப்பி வழியாக வைரஸ் வந்திருக்குமோ என்று ஒவ்வொரு பிளாப்பியையும் சோதித்தேன். இல்லை. கார்டுகளைக் கழற்றித் தூசு தட்டி மறுபடி செருகினேன். பயன் இல்லை. ஸ்டோர்ஸ் கணினியைத் தனியாகப் பிரித்து ஓட்டினேன். அது நன்றாக ஓடியது. எனவே கோளாறு கேபிளில் என்று முடிவுசெய்து, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே நடந்தேன். ஸ்டோர்ஸ் முனையில் அந்த மூடி அரைச்சுற்று தளர்ந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் அதை இறுக்கினேன். மறுநாளும் கணினிகள் நின்றன. ஆனால் அதற்குள் என் அறிக்கை போய்விட்டது: 'இணைப்பை யாரோ தளர்த்தியிருக்கலாம்.' டீ நேரத்தில் அந்தப் பக்கம் நடப்பது யார் என்று மேனேஜர் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

வேண்டுமென்றே நாசம் செய்தீர்கள் என்று சொல்லி உங்களை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை இரண்டு வாரம் கழித்து. குற்றம் உறுதியானால் வேலை போகும். நாற்பத்திரண்டு வயதில், அந்தக் காரணத்தோடு வெளியே போனவரை இந்த வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் சேர்க்காது. கேட்டில் உங்கள் கருவிப் பையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளி நின்றேன். நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்.

"சார், அந்த மூடிய நான் தொட்டதப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்காதத எழுதலாமா சார்?"

கோபம் இல்லாமல்தான் கேட்டீர்கள். சந்தேகம் கேட்பதுபோல்.

அந்த வாரம் நீங்கள் உள்ளே வரவில்லை. கணினிகள் முன்னைவிட அதிகமாக நின்றன. என் பதிவேட்டில் ஒவ்வொரு தடவைக்கும் நேரம் குறித்திருந்தேன். பத்தே கால். மூன்றே கால். மறுபடி பத்தே கால். நாசம் செய்பவர் வீட்டில் இருக்கும்போது நாசம் ஏன் கூடுகிறது? இதை மேனேஜரிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சஸ்பெண்ட் ஆனவரோடு யாரும் தொடர்பு வைக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். படப்பை பஸ் பிடித்து, உங்கள் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, நடந்து வந்தேன்.

நீங்கள் வாசலில் ஒரு பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தீர்கள். "குந்துங்க சார்" என்று முக்காலியைத் தள்ளினீர்கள். மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. பதிவேட்டை நீட்டினேன். நேரங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள்.

"டீ முடிஞ்சி வெல்டிங் செட்டு அத்தினியும் ஒரே நேரத்துல ஓடும் சார். அப்பதான் நிக்குது. குழிக்கு இப்ப யாரு தண்ணி ஊத்தறாங்க?"

"தெரியல."

"அப்ப யாரும் ஊத்தல. டப்பாவத் தொட்டா சுருக்குனு இருக்குமே?"

இருந்தது. ஒரு மாதமாக எங்கள் டைப்பிஸ்ட் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். கணினியைத் தொட்டால் விரலில் ஏதோ கடிக்கிறது என்று. அதை நான் பதிவேட்டில் எழுதவே இல்லை. அது கணினிக் கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள், இரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்றீர்கள். கிளம்பும்போது பின்னாலேயே வந்து சொன்னீர்கள்: "காஞ்ச குழி சார். சொம்புத் தண்ணியெல்லாம் அதுக்கு நாக்குகூட நனையாது. குடம் குடமா குடிக்கும். பயப்படாம ஊத்துங்க."

திங்கட்கிழமை பத்தே காலுக்கு மீட்டர் இருபத்திரண்டு வோல்ட் காட்டியது. மேனேஜரிடம் சொல்லும் முன் உறுதிசெய்துகொள்ள விரும்பினேன். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என் முறை. கேபிளைத் தொடவில்லை, கணினியைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து அலுவலகம் கூடும் முன்னால் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். குடத்தோடு பார்த்தால் கேட்பார்களே என்று என் சாப்பாட்டுக் கூஜாவில் எடுத்துப் போனேன். ஏழு வேலை நாள். நான்காம் நாள் பஸ்ஸைத் தவறவிட்டு ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தேன், ஊற்றவில்லை. ஆனாலும் அன்று ஒரு கணினியும் நிற்கவில்லை. மண்ணில் முந்தைய ஈரம் இருந்திருக்கும் என்று குறித்துக்கொண்டேன். ஏழாம் நாள் எல்லா வெல்டிங் செட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் ஒன்றரை காட்டியது.

விசாரணை நாளில் பதிவேட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே நீங்கள் வெள்ளைச் சட்டையில், கை கட்டி நின்றீர்கள். மேனேஜர் கேட்டார்: "தண்ணி ஊத்துனா கம்ப்யூட்டர் ஓடுமா? இது என்ன சார், முருங்கை மரமா?" எல்லாரும் சிரித்தார்கள். பதிவேட்டை விரித்து ஏழு நாள் பக்கத்தையும் மீட்டர் அளவுகளையும் காட்டினேன். சிரிப்பு நின்றது. "அப்ப உங்க முதல் ரிப்போர்ட்?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டு இரவு தூங்காமல் இருந்தேன்.

"அது தப்பு சார். மூடி தளர்ந்திருந்தது உண்மை. தளர்த்தினது யாருன்னு நான் பார்க்கல."

அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று கொடுங்கள் என்றார். பராமரிப்புப் பதிவேட்டில் நீங்கள் செய்வது எனக்கு நினைவுக்கு வந்தது. தவறான பதிவை நீங்கள் அடிக்க மாட்டீர்கள், அழிக்கவும் மாட்டீர்கள். கீழே 'திருத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். அடுத்து வருகிறவனுக்கு நாம் எங்கே ஏமாந்தோம் என்று தெரிய வேண்டும் என்பீர்கள். முதல் அறிக்கையின் கீழே நானும் அப்படியே எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை நீங்கள் பழைய இடத்திலேயே வேலைக்கு வந்தீர்கள். 'எர்த் குழிக்குத் தண்ணீர்' என்று பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது. பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். "சார், என் செடிக்கு ரேஷன் கார்டு குடுத்துட்டீங்க" என்றீர்கள்.

இன்று இங்கே இன்டர்நெட் நின்றால் மருமகன் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார். நான் முதலில் நேரத்தைக் குறிக்கிறேன். கடைசியாக எதை மாற்றினோம் என்று கேட்கிறேன். எல்லாவற்றையும் விட்டுக் கேபிளின் முனையிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றை மாற்றிப் பார்த்து, பயனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். கோளாறு வராத நாளில் செய்யும் வேலையைத்தான் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் அது ஒழுங்காக நடக்கும்வரை ஒருவர் கண்ணிலும் படாது. எனக்கு நிறைய விஷயங்களில் என்மேல் நம்பிக்கை கிடையாது. இதில் உண்டு.

இங்கே முடிக்கலாம் என்றிருந்தேன். குழி ஸ்டோர்ஸின் தெற்குச் சுவரிலா மேற்குச் சுவரிலா என்பதில் எனக்கு ஐயம் வந்தது. அந்நாளில் நம் தொழிற்சாலையில் தோட்ட வேலை பார்த்த உங்கள் ஊர் கன்னியம்மாவுக்குச் சற்று முன் போன் செய்தேன். மேற்குச் சுவர் என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

"எனுக்குத் தெரியாதா சார்? நீங்க வூட்டுக்கு வந்துட்டுப் போன அன்னிக்கி சாயங்காலமே அண்ணன் என்னாண்ட வந்துச்சு. கம்ப்யூட்டர் சார் நல்ல மனுசன், ஆனா பயந்த சுபாவம், கூஜாவுலதான் ஊத்துவாரு, நாளைக்கு அவரு மீட்டரு வெச்சிப் பாக்கட்டும், நாளான்னிக்கிலேர்ந்து நீ காலைல ஆறு குடம் ஊத்து, அவராண்ட சொல்லாதன்னுச்சு. நீங்க பஸ்ஸ வுட்ட அன்னிக்கிகூட ஊத்துனேனே."

முப்பது ஆண்டுகளுக்கு மேல், வேலையிலும் பிறகு போனிலுமாக, தினமும் என்னிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்ததாக நினைத்திருந்த காரியம் அது ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேலே உள்ள நான்காவது வரியை நான் அடிக்கவில்லை.

திருத்தம்: எண் 4 தவறு. நான் ஊற்றியது ஏழு நாளில் ஆறு கூஜா. கணினிகளை ஓடவைத்தது நீங்கள் ஊற்றச் சொன்ன தண்ணீர். விசாரணையில் நான் பேசியது மட்டும் என்னுடையது. அதையும் நான் பேசுவேன் என்று எனக்கு முன்பே நம்பியவர் நீங்கள்.

இதன் கீழே கையெழுத்திட்டிருக்கிறேன்.