கேபினுக்கும் கூண்டுக்கும் நடுவே

செவ்வாய்க்கிழமை
அண்ணன் வீடு

தலையணை வியாபாரிக்கு,

நான் நலம். நீங்களும் வண்டியும் நலமாகத்தான் இருப்பீர்கள். என்னை விட்டுவிட்டுப் போன இரண்டுக்கும் என்ன குறை? என் போன் உங்கள் வண்டியில் கிடக்கிறது. அண்ணன் போனுக்குக் கூப்பிட்டாலும் பேச மாட்டேன். போனில் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை வாயை மூடித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் முன்னால் கேபினில் ஓட்ட, நான் பின்னால் சரக்குக் கூண்டுக்குள் தலையணை உறை தைத்துக்கொண்டே வர, நடுவில் கேபினின் பின்ஜன்னலையும் கூண்டின் முன்ஜன்னலையும் திறந்துவைத்துப் பேசிக்கொண்டே போவோம். அந்த ஜன்னல்களுக்கு இடையே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக வந்து என் கழுத்தில் விழுகிறது என்று எத்தனை வருஷமாகச் சொன்னேன்! அடைத்தீர்களே, அது என்ன அழகு! தெர்மாகோலைத் திணித்து, ஜன்னல்களையும் சேர்த்துப் பசை பூசிவிட்டீர்கள். தண்ணீர் நின்றது. என் குரலும் நின்றது.

பெட்ரோல் பங்கில், "இறங்குறேன், நில்லுங்க" என்று கத்திவிட்டுத்தான் இறங்கினேன். திரும்பி வந்தால் வண்டி இல்லை. கையில் பாதி தைத்த உறையும் ஊசியும். பங்க் ஊழியர், "வந்துடுவாருக்கா, உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். சாயங்காலம்வரை பார்த்தேன். உறையைத் தைத்து முடித்து அவருக்கே கொடுத்துவிட்டு, பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
சரக்கோடு சரக்காக ஏற்றப்பட்டவள்

*

வியாழக்கிழமை
வண்டி

என் கோபக்காரிக்கு,

சந்தையில் கூண்டுக் கதவைத் திறந்து, "இறங்கும்மா, கடை விரிக்கணும்" என்று தலையணைக் குவியலைப் பார்த்துச் சொன்னேன். நீ தூங்குகிறாய் என்று நினைத்து, எழுப்ப மனம் வராமல், தலையணைகளை மெதுவாக ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசித் தலையணையையும் எடுத்த பிறகுதான் நீ உள்ளே இல்லை என்று தெரிந்தது.

பங்குக்குப் பறந்தேன். அந்த ஆள், "அக்கா இப்பத்தான் கிளம்பினாங்க. தையல் பிரமாதம்ணே" என்று உறையைக் காட்டினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று காலையில் வாடிக்கையாளர் முன்னால் உன் தையல் கோணல் என்று சொல்லிவிட்டேன் இல்லையா? அது உறுத்திக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் மனதில் இருந்ததை உன்னிடம் கொட்டிக்கொண்டே வந்தேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி நடந்ததே கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்

*

வெள்ளிக்கிழமை
அண்ணன் வீடு

கொட்டித் தீர்த்தவருக்கு,

அப்படி என்ன கொட்டினீர்கள்? தெர்மாகோலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா? எழுதி அனுப்புங்கள்.

"எத்தனை நாள் வேணும்னாலும் இரு" என்று அண்ணன் தினமும் சொல்கிறார். சொல்லிவிட்டு, உங்கள் வண்டி வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்க்கிறார். அண்ணிக்குத் தெரிந்த தையல் கடையில் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அங்கே மழை உள்ளே வராது. பக்கத்தில் இருப்பவர்கள் பேசினால் கேட்கும். நான் எழுந்து போனால் யாராவது கவனிப்பார்கள்.

வண்டியில் கழுத்தும் நனையக் கூடாது, நாம் பேசுவதும் கேட்க வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் நான் வரவில்லை.

கோணல் தையல்காரி

*

சனிக்கிழமை
மெக்கானிக் கடை
(அண்ணன் கையில் கொடுத்துவிட்டது)

என் தையல்காரிக்கு,

பசை அதற்குள் வெடித்துவிட்டது. கேபின் ஒரு பக்கம் ஆடுகிறது, கூண்டு வேறு பக்கம் ஆடுகிறது. நடுவில் இறுக்கி ஒட்டினால் பிய்ந்துகொள்ளாமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் ட்யூபை ஜன்னலைச் சுற்றி வளையமாக இடைவெளியில் நுழைத்துக் காற்றடித்தேன். இரண்டு பக்கமும் பொம்மென்று அடைத்துக்கொண்டது. வண்டி ஆடினால் கூடவே ஆடுகிறது. நடுவில் ஜன்னல் திறந்தே இருக்கிறது.

உன் இடத்தில் நானே உட்கார்ந்து, மேலே தண்ணீர் அடிக்கச் சொன்னேன். கழுத்து நனையவில்லை. முன்சீட்டில் இருந்த மெக்கானிக், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று அலுத்துக்கொண்டது தெளிவாகக் கேட்டது.

அன்று சொன்னதை எழுத உட்கார்ந்தால் தாள்தான் கிழிகிறது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னால்தான் எனக்கு வரும். நாளைக் காலையில் வாசலில் நிற்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன். நீ ஏறி, கதவைச் சாத்தி, "போலாம்" என்று உன் வாயால் சொல்லும்வரை வண்டியை எடுக்க மாட்டேன்.

உன் டிரைவர்

*

ஞாயிற்றுக்கிழமை
கூண்டுக்குள்ளிருந்து, ஜன்னல் வழியாக

முன்சீட்டுக்காரருக்கு,

ஓட்டிக்கொண்டே படிக்காதீர்கள். ஓரம் கட்டிவிட்டுப் படியுங்கள்.

வெளியே மழை ஊற்றுகிறது. கழுத்தில் ஒரு சொட்டு விழவில்லை. கன்னத்தில் விழுந்ததற்கு ட்யூப் பொறுப்பில்லை.

"நீ பின்னாடி இருக்கேங்கற தைரியத்துலதான் நான் வண்டியே ஓட்டுறேன்" என்று அன்று சொன்னதை இன்று ஜன்னல் வழியாகச் சொன்னீர்கள். பின்னால் ஆளே இல்லாமல் இதைச் சொல்லிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டினீர்களே என்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் கடைக்கு வரவில்லை என்று கிளம்பும்போதே அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

"கேக்கல, கேக்கல" என்று நான் கத்தக் கத்த, நீங்களும் தொண்டை கட்டும்வரை திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். ட்யூபைக் குறை சொல்லாதீர்கள்.

முதல் தடவையே நன்றாகக் கேட்டது.

பின்னால் இருப்பவள்